உறவுமுறைக் கட்டம்

மூன்று பேரும் எனக்கு எதிர் இருக்கையில்தான் வந்து உட்காருவார்கள். தாம்பரத்தில் நான் ஏறும்போது அந்த இருக்கையில் காலேஜ் பெண்களோ கீரைக் கூடைக்காரியோ இருப்பார்கள். சானடோரியம் தாண்டி எனக்குக் கண் சொருகியதும் அது எப்படியோ காலியாகி, இவர்கள் வந்துவிடுவார்கள். கால் தரைக்கு எட்டாது. வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு ஆறு கால்களும் சேர்ந்து ஆடும். முகம் மட்டும் சரியாகத் தெரியாது. ஃப்ரிட்ஜைத் திறந்தால் முழங்காலில் வந்து படுமே ஒரு குளிர், அது அவர்கள் பக்கமிருந்து வரும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அவர்களும் கேட்கமாட்டார்கள். யாராவது தோளைத் தட்டி, "பல்லாவரம் வந்துடுச்சு, இறங்கலையா மேடம்?" என்றால்தான் விழிப்பு வரும். யாரும் தட்டாத நாளில் திரிசூலம் வரை போய்த் திரும்புவேன். இந்த மார்ச்சில் மட்டும் அப்படி இரண்டு முறை ஆகிவிட்டது.

நான் கனவு காண்கிற ரகம் இல்லை. பல்லாவரத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஹேமாவதி மேடம் சீட்டுக்கு வந்தால் காகிதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கே தெரியும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான், ஆனாலும் பழைய பதிவேடுகளில் திருத்தம் வரும். புதிதாக வருகிற பிள்ளைகள் வொயிட்னரை எடுத்துப் பூசினால் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தப்பாக எழுதியதை மறைக்கக் கூடாது. அதன்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் என்ன இருந்தது என்று பின்னால் வருகிறவன் படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. இதை நான் சொல்லிச் சொல்லியே என் தொண்டை பாதி போய்விட்டது.

அந்த மூன்று பேருக்கு என் அலுவலகத்தில் பதிவு கிடையாது. செத்துப் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தனிப் படிவம் வைத்திருக்கிறோம். பேர் வைக்காத பிள்ளைக்கும் பதிவு உண்டு, பேரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பிறக்கவே பிறக்காமல் பத்து வருடமாகக் குரோம்பேட்டையில் ஒரு ஸ்டீல் டப்பாவுக்குள் இருக்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு கட்டமும் இல்லை.

கதை சுருக்கம்தான். கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளையில்லை. குரோம்பேட்டையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் சேர்ந்தோம். ஐந்து கரு உருவானது. இரண்டை எனக்குள் வைத்தார்கள். ஒன்று தங்கியது. அதுதான் எங்கள் பெண். வைத்தீஸ்வரன் கோவிலுக்கு வேண்டிக்கொண்டதால் தையல்நாயகி என்று பேர் வைத்தோம். ஒன்பது வயதாகிறது. அந்தப் பேருக்காக என்மேல் தினமும் ஒரு தடவை கோபித்துக்கொள்வாள். மீதி மூன்றையும் நைட்ரஜனில் உறைய வைத்தார்கள். அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று நினைத்தோம். நாலு வருடம் கழித்து எனக்குக் கட்டி வந்து கர்ப்பப்பையையே எடுத்தாகிவிட்டது. அதன் பிறகு அவர்கள் அங்கேயே இருந்தார்கள். வருடா வருடம் என் வீட்டுக்காரர் உதயா போய்ப் பார்த்துவிட்டு வருவார், கோவிலுக்குப் போகிற மாதிரி.

பிப்ரவரியில் மையத்திலிருந்து கடிதம் வந்தது. சட்டப்படி பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. மார்ச் பத்தொன்பதாம் தேதியோடு கெடு முடிகிறது. வழி இரண்டுதான். ஒன்று, வெளியே எடுத்து அப்படியே அழிய விட்டுவிடுவது. இன்னொன்று, ஆராய்ச்சிக்குக் கொடுப்பது. அதற்குக் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் முதல் வழிதான்.

நான் படித்த மாத்திரத்தில் முடிவு செய்துவிட்டேன். தையல்நாயகிக்கு ஆறு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. ஒரு நாளைக்கு நாலு ஊசி. ஃப்ரிட்ஜ் கதவில் மற்றவர்கள் வீட்டில் முட்டை இருக்கும், எங்கள் வீட்டில் இன்சுலின் இருக்கும். போன் செய்து கேட்டபோது மையத்து ஆலோசகர் ஆஸ்டின் பொறுமையாகச் சொன்னான். "இந்த மாதிரி கருவுலேர்ந்து ஸ்டெம் செல் எடுப்பாங்க அக்கா. அது எந்த உறுப்போட செல்லா வேணா மாறும். இன்சுலின் சுரக்கிற செல்லா மாத்தறதுக்கும் ஆராய்ச்சி நடக்குது. உங்க பொண்ணுக்கே பலன் வரும்னு நான் சொல்லமாட்டேன். அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க."

அவன் அப்படிச் சொன்னதாலேயே எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது. எங்கள் பெண்ணுக்கு இல்லாவிட்டால் என்ன, அவள் மாதிரி இன்னொன்று வயிற்றில் குத்திக்கொள்ளாமல் இருக்குமே. வீணாகப் போவதற்கு இது மேல். ஆனால் உதயாவிடம் சொன்னதும் மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

உதயாவுடையது ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய குடும்பம். ஏரிக்கரை நிலமெல்லாம் காலனிகளாகிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகர். ஒரு மயிரிழை கூடினாலும் பாகத்தைத் தூக்கிப் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பில் ஜாதக சாஃப்ட்வேர். தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் இவர்தான் கட்டம் போட்டுக் கொடுப்பார். இந்த இரண்டும் ஒரே மண்டையில் எப்படிக் குடியிருக்கின்றன என்று கேட்டால், "ரெண்டும் அளவுதான் ஹேமா" என்பார்.

அவர் செய்திருந்த கூத்து எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பீரோவில் என் பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே மூன்று காகிதங்கள், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. மூன்று ஜாதகங்கள். பிறந்த தேதி மார்ச் பதினாலு, இரண்டாயிரத்துப் பதினைந்து. நேரம் காலை பதினொன்று நாற்பத்திரண்டு. லேப் ரிப்போர்ட்டில் அந்த நேரம்தான் இருந்ததாம். ரிஷப லக்னம், தனுசு ராசி, மூல நட்சத்திரம். மூன்றும் ஒன்றே. பெயர் என்று போட்ட இடத்தில் மட்டும் மூன்றிலும் புள்ளிக்கோடு.

"ஆண் மூலம் அரசாளும்பாங்க, பெண் மூலம் நிர்மூலம்பாங்க" என்றார். "ஆணா பொண்ணான்னு தெரியாது. லேப்ல கேட்டா ஜெயிலு. பத்து வருஷமா இந்தக் கவலை எனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. "கருவுக்கு யாராவது ஜாதகம் எழுதுவாங்களா?"

"ஏன் எழுதக் கூடாது? வூடு கட்டறதுக்கு வாசக்கால் வெச்ச நேரத்தை எழுதறோம். இது உயிரு. நேரம் இருந்தா ஜாதகம் இருக்கும். ஜாதகம் இருந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். ஆளை எப்படி ஹேமா கத்தி வெக்கறவன் கையில குடுக்கறது?"

"அப்ப அழிய விட்டா மட்டும் பரவாயில்லையா?"

"அது சாவு. சாவு எல்லாருக்கும் வரும். இது அப்படியா?"

"என் பொண்ணு தினம் நாலு தடவை குத்திக்கறாளே, அவ ஆள் இல்லையா?"

அவர் கவரை மறுபடி புடவைக்கு அடியில் வைத்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "ஒண்ணுமே இல்லாத பொருளுக்கு எதுக்கு ரெண்டு கையெழுத்து கேக்கறான்? பழைய பேப்பர் போடறோமே, கையெழுத்தா வாங்கறான்?" என்றார். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று அப்பாவும் பெண்ணும் நினைத்துக்கொண்டார்கள். மறக்கவில்லை.

அவருக்கு அந்த மூன்றும் ஆட்கள்தான் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பெருமழை வந்த அந்த டிசம்பரில் எனக்கு நிறைமாதம். தெருவெல்லாம் ஏரி. இரண்டாம் தேதி காலையில் பால் வாங்கி வருகிறேன் என்று இறங்கியவர் சாயங்காலம்தான் வந்தார், மார்பு வரை சேறு. பால் இல்லை. "குரோம்பேட்டை வரைக்கும் போய்ட்டு வந்தேன். டப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை. மூணு பேரும் நல்லா கீறாங்க" என்றார். வயிற்றுக்குள் உதைக்கிறவள் இங்கே இருக்க, உதைக்காதவர்களைப் பார்க்கத் தண்ணீரில் நடந்து போயிருக்கிறார். நாலாம் தேதி, படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு தையல்நாயகி பிறந்தாள். எத்தனையோ பேரின் பிறந்த நேரத்தை எழுதியிருக்கிறேன். அவளுடையதை நர்ஸ் சொன்னபோது காதில் மழைச் சத்தம்தான் விழுந்தது.

இப்போது ரயிலில் அந்த மழை மறுபடி பெய்யத் தொடங்கியது. கனவில் பெட்டிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மூன்று பேரும் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே உதயா நெஞ்சளவு தண்ணீரில் வண்டியோடு கூடவே நடந்து வந்தார். பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். நடுவில் இருந்த பிள்ளை என்னைப் பார்த்து, "எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?" என்று கேட்டது. முதன்முதலாக ஒரு வார்த்தை. விழித்தபோது திரிசூலம். மலையில் வெயில் ஏறியிருந்தது.

எத்தனையோ சொல்லி ஒரு வழியாக அவரைக் குரோம்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட வேண்டாம், வந்து கேட்டுக்கொண்டால் போதும் என்று சொல்லித்தான். ஆஸ்டினின் அறையில் ஏசிக் குளிர் அதிகம். உதயா தொழிற்சாலைச் சட்டையோடே வந்திருந்தார், பாக்கெட்டில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல்.

ஆஸ்டின் ஒவ்வொன்றாகச் சொன்னான். பணம் கிடையாது. பேர் வெளியே போகாது. எந்தப் பெண்ணின் வயிற்றிலும் வைக்கமாட்டார்கள். செல்லை எடுத்த பிறகு கரு கருவாக இருக்காது, அதை ஒளிக்காமல் சொன்னான். எந்த ஆராய்ச்சி என்றாலும் நெறிமுறைக் குழு ஒன்று படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். "பதினாலு நாளுக்கு மேல எந்தக் கருவையும் வெளியில வளர்க்கக் கூடாதுன்னு விதி சார்."

"ஏன் பதினாலு? பதிமூணுன்னா இன்னா?"

"பதினாலாம் நாள் வாக்குல நடுவுல ஒரு கோடு மாதிரி வரும் சார். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் முதுகுன்னு அப்பதான் முடிவாகும். அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டா பிரிஞ்சு இரட்டையாக்கூட ஆகலாம். ஒரு ஆளா, ரெண்டு ஆளான்னே சொல்ல முடியாத ஒண்ணை ஆள்னு எப்படிச் சொல்றதுன்னு கேக்கறாங்க. ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. எங்க அம்மாவே ஒத்துக்கமாட்டாங்க, சர்ச்சுல எனக்காக ஜெபம் பண்றாங்க."

உதயா ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எங்க கம்பெனில அளவு போட்டா, டிராயிங் போட்டவன் பேரு கீழ இருக்கும். சந்தேகம்னா அவனைக் கேக்கலாம். இதுக்கு டிராயிங் போட்டது யாரு தம்பி?"

"மனுஷங்கதான் சார். எங்கயாவது ஒரு கோடு போட்டாகணுமே."

அப்போது உதயா பையிலிருந்து ஜாதகங்களை எடுத்தார். கொண்டுவந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு மானம் போயிற்று. ஆஸ்டின் சிரிக்கவில்லை. மஞ்சள் ஒட்டாமல் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தான். "இந்த நேரம் பத்தி சுபத்ரா மேடத்தைத்தான் கேக்கணும்" என்று சொல்லி அவரை அழைத்தான். லேபில் கருக்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். பத்து வருடத்துக்கு முன்பு எங்களுக்குச் செய்ததும் அவரே. தலைக்கு மாட்டிய நீலத் தொப்பியோடு வந்து, நின்றபடியே படித்தார்.

"பதினொண்ணு நாற்பத்திரண்டு நாங்க ஆரம்பிச்ச நேரம் சார். எட்டு முட்டை இருந்தது. ஒவ்வொண்ணா ஊசியால விந்தணுவை உள்ள வைக்கணும். ரிப்போர்ட்ல எட்டுக்கும் சேர்த்து ஒரே நேரம்தான் எழுதுவோம்."

"அப்ப இந்த மூணும் எத்தனையாவது? முன்ன பின்ன ரெண்டு நிமிஷம் இருக்குமா? லக்னம் மாறாது, பரவாயில்ல."

"அப்படி இல்ல சார். ஊசி போட்டதும் கரு ஆயிடாது. அம்மாவோட பாதியும் அப்பாவோட பாதியும் உள்ள தனித்தனியா இருக்கும். மெல்ல மெல்லக் கிட்ட வரும். ஒண்ணா சேர ஒரு நாள் போல ஆகும். நான் மறுநாள் காலையில வந்து மைக்ராஸ்கோப்ல பாக்கறப்ப ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்தது. அதுக்கப்புறம் சேர்ந்திருக்கும். எந்த நிமிஷம்னு கேட்டீங்கன்னா..." அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்படி ஒரு நிமிஷமே கிடையாது சார்."

உதயா காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன், அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. "நேரமே கிடையாதா?" என்று ஒரு தடவை கேட்டார். மூன்றையும் ஒன்றாக அடுக்கி நாலாக மடித்தார். பிறகு ஆஸ்டினிடம், "எங்க கையெழுத்து போடணும், காட்டு தம்பி" என்றார்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"நேரம் தப்புன்னா ஆளே இல்லையா?" என்றேன். அறைக்கு வெளியே கேட்டிருக்கும். "பத்து வருஷம் என் புடவைக்கடியில வெச்சிருந்தீங்க. தண்ணியில நடந்து போனீங்க. இப்ப ஒரு மேடம் வந்து கடிகாரம் இல்லைன்னு சொன்னதும் கைகழுவிட்டீங்களா?"

"நீதானே ஹேமா குடுக்கணும்னு சொன்ன?"

"நான் குடுக்கணும்னுதான் சொன்னேன். யாருமில்லைன்னு சொல்லலை."

சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. ரயிலில் முழங்காலில் பட்ட குளிர் நினைவுக்கு வந்தது. அழுகையும் வந்தது. சுபத்ரா மேடம் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை எடுக்காமல் பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'ஒப்பமிடுபவரின் உறவுமுறை.' யோசிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் நிரப்பிக் கொண்டுவந்து நான் சரிபார்த்த கட்டம் அது. 'தாய்' என்று எழுதினேன். உதயா அதைப் படித்தார். பேனாவை என் கையிலிருந்து வாங்கித் தானும் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'தந்தை' என்று எழுதினார்.

அந்த வாரம் நான் பல்லாவரத்தில் சரியாக இறங்கினேன். கனவே வரவில்லை. மையத்தில் படிவத்தைக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். பதினெட்டாம் தேதி மதியம், நான் ஒருவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஆஸ்டின் போன் செய்தான்.

"அக்கா, படிவம் திரும்பி வந்துடுச்சு. அந்த உறவுமுறைக் கட்டம். அது ஆபரேஷன் படிவத்துலேர்ந்து அப்படியே வந்தது. கணவர், மனைவின்னு உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கற உறவைத்தான் எழுதணும். நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், நீங்க இருந்த நிலையில எனக்கு மனசு வரலை."

"தாய்னு இருந்தா குழுவுக்கு என்ன?"

"தாய்னு எழுதினா அது பிள்ளைன்னு ஆகுது அக்கா. பிள்ளையை இப்படி ஆராய்ச்சிக்குக் குடுக்கத் தாய்க்கும் உரிமை கிடையாது. அதை வெச்சுக்கிட்டு குழு ஒத்துக்க முடியாது. நாளைக்குள்ள சரி பண்ணலைன்னா, அழிய விட்டுடுவாங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சான்றிதழுக்கு நின்றவர், "மேடம், பேரு சரியா இருக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாக இருக்கிறது என்றேன். தாயாக இருந்தால் கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டுமானால் தாயாக இருக்கக் கூடாது. குழுக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. என் அலுவலகமாக இருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். அதனால்தான் அவர்கள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

மறுநாள் மூன்று பேரும் போனோம். தையல்நாயகிக்குப் பரீட்சை முடிந்து அரை நாள்தான் பள்ளிக்கூடம், விட்டுவிட்டுப் போக ஆளில்லை. ரயிலில் அவளிடம் சொன்னேன். ஐந்து பேர் இருந்தது, அவள் வந்தது, மூன்று பேர் தங்கியது. கேட்டுவிட்டு, "நானும் அந்த டப்பாவுக்குள்ள இருந்தேனா?" என்றாள். இல்லை, அஞ்சு நாள் கண்ணாடித் தட்டில் இருந்தாய், பிறகு நேராக என்னிடம் வந்துவிட்டாய் என்றேன். "அவங்களை எதுக்குக் கூட்டிக்கல?" என்றாள். உதயா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இடம் இல்லை, கண்ணு, என்றேன்.

சுபத்ரா மேடம் எங்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்து டப்பாவின் மூடியைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைப் புகை பொங்கி விளிம்பில் வழிந்தது, தரையில் படர்ந்தது, சத்தமே இல்லை. கண்ணாடியின் அடி இடுக்கில் கொஞ்சம் எங்கள் பக்கமும் வந்து தையல்நாயகியின் செருப்பைச் சுற்றிக் கரைந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. உதயா, ஊருக்குக் கிளம்புகிறவர்களிடம் சொல்வதைப் போல, "போய்ட்டு வாங்க" என்றார். வழக்கம் அது. போங்க என்று மட்டும் யாரையும் அனுப்புவதில்லை. வரமாட்டார்கள் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மூடியை மூடியதும் புகை நின்றுவிட்டது.

ஆஸ்டின் புதுப் படிவம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தான். "இதுல எழுதிடுங்க அக்கா. பழசைக் கிழிச்சிடலாம்."

"கிழிக்காதீங்க தம்பி" என்றேன். "கோப்புல ஏறின காகிதத்தைக் கிழிக்கக் கூடாது. அதைக் குடுங்க."

அவன் குழு என்ன சொல்லுமோ என்று யோசித்தான். முறைப்படி திருத்தினால் எந்தக் குழுவும் மறுக்க முடியாது என்றேன், அதில் எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம். போன் செய்து கேட்டுக்கொண்டு வந்து பழைய படிவத்தைக் கொடுத்தான். உதயா முதலில் அடித்தார். பாக்கெட்டிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வைத்து, 'தந்தை'யின் குறுக்கே ஒரு கோடு. மயிரிழை பிசகாத கோடு. மேலே 'கணவர்' என்று எழுதினார். ஸ்கேலை என்னிடம் நீட்டினார், நான் வாங்கவில்லை.

எத்தனை பேருடைய அப்பா பேரை, அம்மா பேரை அடித்துத் திருத்தியிருப்பேன். கை தானாகப் போகும் என்று நினைத்தேன். பேனா முனை 'தா'வின் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. நாலு ஊசியை நினைத்தேன். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம், படுக்கும் முன். பிறகு அடித்தேன். ஒரே கோடு, கொஞ்சம் அலைந்த கோடு. மேலே 'மனைவி.' பக்கத்தில் சுருக்கொப்பம். தேதி. ஆஸ்டின் நகல் ஒன்று எடுத்து எங்கள் கையில் கொடுத்தான்.

திரும்பும்போது வண்டியில் கூட்டமில்லை. எனக்கு எதிர் இருக்கையில் தையல்நாயகி உட்கார்ந்தாள். அவள் கால் தரையைத் தொட்டது. எப்போதிருந்து தொடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த நகலை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"அம்மா, இங்க தாய்னு எழுதி அடிச்சிருக்க. ஆனா இன்னும் தெரியுதே?"

"தெரியணும்" என்றேன்.

"அடிச்சா மறைஞ்சிடணும் இல்ல?"

"எங்க ஆபீஸ்ல மறைக்க மாட்டோம்."

உதயா அவளிடமிருந்து காகிதத்தை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஜாதகங்களை எடுத்து, அவற்றை அதற்குள் வைத்து மடித்து என் கைப்பைக்குள் வைத்தார். சானடோரியம் வந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை.